பானையை உடைச்சா போதாதா பேராண்டி?

உன் கதையைப் படிச்சேன் பேராண்டி. மொதப் பக்கத்துல பானை உடையுது. ரெண்டாம் பக்கத்துல, அது குடும்பம் உடைஞ்சதுக்குக் குறியீடுன்னு நீயே எழுதிட்ட. மூணாம் பக்கத்துல கதாநாயகன் வேற உக்காந்து அதையே யோசிக்கிறான். கண்ணு மங்கின கெழவனுக்கும் விளங்கணும்னு எவ்வளவு அக்கறை உனக்கு!

அது கெடக்கட்டும். சாவுக்கு அடையாளமா வீட்டு வாசல்ல பனி கொட்டுதே, எந்த ஊருடா அது? சித்திரை வந்தா வெயில் பட்டியல்ல நம்ம திருத்தணி பேரு வந்துடும். இங்க பனி கொட்டினா எவனுக்குச் சாவு ஞாபகம் வரும்? ஜனம் பாயைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்து படுத்துக்கும்.

தொல்காப்பியர் இதுக்கு எப்பவோ வேலி போட்டுட்டாரு. சொல்ல வந்த சேதி உரிப்பொருள். மருதத்துக்கு ஊடல், குறிஞ்சிக்குக் கூடல். அதைச் சொமக்குற மாடு, மரம், பூவெல்லாம் அந்தந்த நெலத்துக் கருப்பொருள். பரத்தை வீட்டுக்குப் போய்ட்டு வர்றவனைத் தோழி நேரா திட்ட மாட்டா. உங்க ஊரு எருமை தாமரைக் குளத்துல எறங்கிப் பூவை மேஞ்சிட்டு வருதேம்பா. அவன் மூஞ்சி தொங்கிடும். இதுதான் உள்ளுறை. அதுலயும் தெய்வத்தைச் சேக்கக்கூடாதுன்னு வெச்சாரு பாரு, அங்கதான் ஆளு கெட்டிக்காரரு. நீயோ பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கிற காட்சிக்குக்கூட முருகனை எறக்கிவிட்டிருக்க.

நம்ம திருத்தணி முருகன் மலைக்கு 365 படி, வருசத்து நாளுங்கன்னு சொல்றாங்க. சரிதான். ஆனா ஏறுறவனுக்கு மொதல்ல முட்டி வலிக்குது, அர்த்தம் பின்னாடி மெதுவா வருது. உன் பானையில ஒருத்தராவது தண்ணி மொண்டு குடிச்சாங்களா? உடைக்கறதுக்குன்னே வாங்கியாந்து வெச்சிருக்க!

கந்தசஷ்டிக்குத் திருச்செந்தூர்ல சூரசம்ஹாரம் அமர்க்களப்படும். இங்க அது கெடையாது. சூரனோட சண்டை போட்ட கோவம் தணிஞ்சு வந்து நின்ன மலையாச்சே. அதனால பூவாக் கொட்டி அர்ச்சனை பண்றாங்க. பூ விழறப்ப குருக்கள் மைக்கைப் புடிச்சி, 'பக்தர்களே, இது சாந்தத்தின் குறியீடு'ன்னு அறிவிக்கிறாரா? ஜனம் பாத்துட்டுத்தான் போவுது. புரிஞ்சவனுக்குப் புரியுது, புரியாதவன் பொங்கல் வாங்கித் தின்னுட்டுப் போறான். ரெண்டு பேருக்கும் நஷ்டமில்ல.

கடைசிப் பக்கத்துல 'கதையின் கரு'ன்னு கட்டம் கட்டி எழுதியிருக்கியே, பத்திரிகைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டு எங்கிட்ட கொண்டா. இன்னொருவாட்டி படிக்கிறேன்.