இதர செலவு

பேலன்ஸ் ஷீட் படிக்க நான் கற்றது சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஒன்றின் வாசலில். எழுபதுகளின் கடைசி. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே கேட் மீட்டிங் தொடங்கிவிடும். இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதும் முன் சங்கச் செயலாளர் ஸ்டூல் மேல் ஏறி, மில்லின் கணக்கை வரிவரியாக வாசிப்பார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனாலும் தேய்மானம் என்ற பெயரில் எந்த மெஷினை எத்தனை தடவை தேய்த்திருக்கிறார்கள், முதலாளி மகன் ஊட்டிக்குப் போய்வந்த பெட்ரோல் எந்தத் தலைப்புக்குள் ஒளிந்திருக்கிறது என்று புட்டுப்புட்டு வைப்பார்.

1965ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தின் 23ஆம் பிரிவு அவருக்கு மனப்பாடம். தணிக்கையான கம்பெனிக் கணக்கைச் சரி என்றே தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதில் எந்த வரிக்கும் தொழிற்சங்கம் விளக்கம் கேட்கலாம். அவசியம் என்று தீர்ப்பாயம் நினைத்தால் நிர்வாகம் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்த 'ஆனால்' ஒன்றை வைத்துக்கொண்டு அவர் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. குறைந்தபட்ச 8.33 சதவீதத்துக்கும் உச்சவரம்பான 20 சதவீதத்துக்கும் நடுவில் காணாமல் போகிற அத்தனை ரூபாயும் ஒரே வரியில்தான் இருக்கிறது என்பார்.

"இதர செலவுன்னா என்னுங்க தோழர்களே? பேர் சொல்ல வெக்கப்படற செலவு!"

கைதட்டல் திருச்சி ரோடு வரைக்கும் கேட்கும். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் தொடையில் தட்டுவார்.

போனஸ் பட்டுவாடா ஆன அன்று அதே வாசலில் சங்கத்தின் மேசை. மாதச் சந்தா தனி, போனஸ் நன்கொடை தனி. சட்டம் விதித்த குறைந்தபட்சச் சந்தா அப்போது மாதம் 25 காசு. நன்கொடைக்குத்தான் சட்டத்தில் அளவே கிடையாது. பொருளாளர் கார்பன் தாள் வைத்து ரசீது எழுதுவார். பணம் மஞ்சப்பைக்குள் போகும். அப்பா அந்த ரசீதுகளை ரேஷன் கடை பில்களோடு ஒரே கம்பியில் குத்தி வைத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை இரண்டுமே அரிசி வாங்கின கணக்குதான்.

பொதுக்குழு ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும். உலக நிலைமை, நாட்டு நிலைமை, மில் நிலைமை எல்லாம் பேசி முடித்து, பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்கத் தொடங்கியதும் வரவு செலவு வாசிக்கப்படும். ஒருமுறை கார்டிங்கில் வேலை செய்த பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"ஏனுங் தோழர், கடைசியில இதர செலவுன்னு படிச்சீங்களே, அது என்னுங்க?"

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அமைப்பு ரகசியம் முதலாளி காதுக்குப் போகணும்னு ஆசைப்படறீங்களா?"

அத்தோடு முடிந்தது. மறுநாளிலிருந்து அந்தப் பெரியவர் 'மேனேஜ்மென்ட் ஆள்'. கேன்டீனில் அவர் பக்கத்தில் உட்காரக்கூட ஆள் யோசித்தார்கள். "கேட்டது சரிதான். கேட்ட எடந்தான் சரியில்ல" என்றார் அப்பா. எந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை.

சட்டம் சொல்லியிருந்தது. சென்னையில் 1918ல் தொடங்கிய மெட்ராஸ் லேபர் யூனியனின் தலைவர் வாடியா மீது பின்னி கம்பெனி வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கியதும், அந்த அதிர்ச்சியிலிருந்து 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வரை வந்ததும் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் கதை. சங்கங்களுக்குக் காப்புக் கொடுத்த அதே சட்டம், கணக்குப் புத்தகத்தை உறுப்பினர் பார்வைக்குத் திறந்து வைக்கவும், தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் பதிவாளருக்கு அனுப்பவும் சொன்னது மேடைக்கு வராத பாதி. அனுப்பத் தவறினால் அபராதம் ஐந்து ரூபாய். தொடர்ந்து தவறினால் வாரத்துக்கு இன்னொரு ஐந்து. எவ்வளவு இழுத்தாலும் மொத்தம் 50 ரூபாயைத் தாண்டக் கூடாது. எத்தனையோ பத்தாண்டுகள் அந்தத் தொகை அப்படியே இருந்தது. கணக்கு எழுத ஆள் வைத்தால் அதைவிட அதிகம் ஆகும்.

மில் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி. நான் போய்ச் சேர்ந்தது பம்ப் கம்பெனி. எங்கள் சங்கத்தில் மஞ்சப்பை கிடையாது. சந்தா சம்பளத்திலேயே பிடித்தம். நன்கொடைக்கு க்யூஆர் கோடு. தணிக்கைக்குச் சார்ட்டர்டு அக்கவுண்டண்ட். மாநாட்டுப் பேனரில் 'வெளிப்படைத்தன்மை' என்று தலைவர் படத்தைவிடக் கொஞ்சம் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். போன வருடக் கணக்கு ஒரு ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. பக்கம் பக்கமாகப் பிடிஎஃப். அடுத்த நிமிடமே கட்டைவிரல்கள் வரிசை கட்டின. இவ்வளவு வேகமாகப் படிக்கிறவர்கள் ஏன் எட்டாம் வகுப்பில் நின்றார்கள் என்று தெரியவில்லை.

கடைசிப் பக்கத்தில் வண்ண வட்டம். சட்டச் செலவு பச்சை, பயணச் செலவு நீலம். சாம்பல் நிறத்தில் பெரிதாக ஒரு துண்டு: இதர செலவு.

சிஎன்சி மெஷின் ஓட்டும் பையன் ஒருவன் கேட்டான். "விவரம் கிடைக்குமா சார்?" தலைவர் பதில் போட்டார்: "தணிக்கையான கணக்கு. அதைச் சரி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்." 23ஆம் பிரிவின் முதல் பாதியை, மில் மேனேஜர்கள் சொன்ன அதே தோரணையில் சொல்லிவிட்டு, குழுவில் அட்மின்கள் மட்டுமே எழுத முடியும் என்று மாற்றிவிட்டார். கார்டிங் பெரியவருக்காவது திட்டை நேரில் வாங்கும் மரியாதை கிடைத்தது.

பையன் விடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தொழிலாளர் துறைக்கு மனுப் போட்டு, சங்கம் அனுப்பியிருந்த ஆண்டறிக்கையின் நகலை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். தன் சங்கத்தின் கணக்கை அரசாங்கத்திடம் போய் வாங்கி வந்த முதல் உறுப்பினன் எங்கள் கம்பெனியில் அவன்தான். இருவருமாக உறுப்பினர் எண்ணிக்கையைச் சந்தாவால் பெருக்கிப் பார்த்தோம். வந்த தொகையில் கால்வாசிகூட வரவில் இல்லை. பொருளாளரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர், டீ சொன்னார்.

"ஏனுங்ணா, ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாத்தா எப்படிங்க? ஆளுக் கணக்கு, நாமதான் பெரிய சங்கம்னு காட்ட எழுதினது. காசுக் கணக்கு, ஆடிட்டருக்கு எழுதினது."

"அப்ப மெம்பருக்கு எழுதின கணக்கு எதுங்க?"

"அதான் கலர்ல போட்டோமேங்ணா!"