பேக் வீல் பதில்கள்

கேள்வி: 1994 மாடல் ஆர்எக்ஸ்100 வைத்திருக்கிறேன். பேக் வீல் ஆடுகிறது. மெக்கானிக் தம்பி, "வீலையே மாத்திருவோம்ணே" என்கிறான். மாற்றிவிடலாமா?
– 'ஆட்டக்காரன்', சின்னமனூர்

பதில்: செருப்பு கடிக்கிறதென்றால் காலையே மாற்றச் சொல்வான் போலிருக்கிறது உங்கள் தம்பி. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். டயரின் மேல்பக்கம் ஒரு கை, கீழ்ப்பக்கம் ஒரு கை வைத்துப் பக்கவாட்டில் அசையுங்கள். "டொக்... டொக்" என்றால் வீல் பேரிங். சக்கரத்தோடு ஸ்விங் ஆர்மும் கூடவே அசைந்தால் அதன் புஷ். அடுத்து, ஸ்விங் ஆர்மில் ஒரு சாக்பீஸை அணைத்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழல விடுங்கள். ரிம்மில் ஒரே இடத்தில் மட்டும் வெள்ளை விழுந்தால் கோட்டம்; கம்பியை முறுக்கி எடுத்துவிடலாம். இது எதுவுமில்லாமல் ஸ்பிராக்கெட் மட்டும் முன்னும் பின்னும் ஆடினால் கப்ளிங் ரப்பர் செத்துவிட்டது. நாலு நோய்க்கும் நாலு மருந்து உண்டு. வீலை மாற்றுவது இந்தப் பட்டியலில் இல்லை.

எப்போது மாற்றலாம்? ஹப்பில் விரிசல் விழுந்தால். அல்லது பேரிங் உட்காரும் குழி தேய்ந்துபோய், சுத்தியல் படாமலே பேரிங் கையோடு வந்தால். அந்தக் குழிக்குள் சுற்றிலும் பஞ்ச் அடித்துப் புள்ளி வைத்து, பேரிங்கை இறுக்கி உட்காரவைக்கும் வித்தை நம் பட்டறைகளில் உண்டு. அது வீடு போய்ச் சேர உதவும். போடிமெட்டு ஏற உதவாது.

கேள்வி: என் பழைய வண்டிக்கு வீல் பேரிங் கேட்டால் கடையில் "அந்த மாடலே நின்னு போச்சுண்ணே" என்று சிரிக்கிறார்கள். எங்கேதான் போவது?
– 'ஏலக்காய் மூட்டை', போடிநாயக்கனூர்

பதில்: மோட்டார் பம்பு ரிப்பேர் பார்க்கிற கடைக்கு.

சிரிக்காதீர்கள். பேரிங்குக்கு வண்டி மாடல் தெரியாது, எண்தான் தெரியும். பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்த்தால் விளிம்பில் பொறித்த எண் தெரியும். 6202 என்று இருந்தால் உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 35, அகலம் 11. 6301 என்றால் 12, 37, 12. தேனியில் வாங்கினாலும் டோக்கியோவில் வாங்கினாலும் இதே அளவுதான். கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டத்தைச் சொல்லும்: 02 என்றால் 15, 03 என்றால் 17, 04-லிருந்து ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். நான் மூன்று ஆண்டுக்கு முன்பு ஆர்எக்ஸ் பேரிங்குக்காக மதுரை வரை போய்க் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது கடையில் வாங்கினேன். கடைக்காரர் அதைக் கிணற்று மோட்டாருக்காக வைத்திருந்தார்.

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. அது எட்டாத தோட்டத்துக்கெல்லாம் மோட்டார்தான். போதாக்குறைக்குத் தேனியைச் சுற்றி நூற்பு மில்கள். இத்தனை சுழலும் யந்திரம் இருக்கிற ஊரில் பேரிங் இல்லையென்று சொன்னால், கேட்டவர் தப்பாகக் கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். "ஆர்எக்ஸ் பேரிங் இருக்கா?" என்று கேட்காதீர்கள். பழையதில் இருக்கும் எண்ணைச் சொல்லி, "6202, ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டது" என்கிற மாதிரி கேளுங்கள். வயல் வரப்பில் ஓட்டுகிறவர்களுக்கு அந்த ரப்பர் மூடி முக்கியம். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று போட்டிருக்கும். செயினும் அப்படித்தான். 428 என்பது அதன் எண், ஏகப்பட்ட வண்டிகளுக்கு அதே எண். இன்னொரு வண்டிப் பெயர் போட்ட டப்பாவில் உங்கள் செயின் தூங்கிக்கொண்டிருக்கலாம். கண்ணி எத்தனை என்று மட்டும் பழைய செயினில் எண்ணிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பேக் வீலைக் கழற்ற எத்தனை பேர் வேண்டும்?
– கண்டமனூர் வாசகர்

பதில்: கழற்ற ஒருவர். குந்தி உட்கார்ந்து பார்க்க நாலு பேர். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்ல ஒருவர். கடைசி ஆளுக்கு மட்டும் நம் மாவட்டத்தில் பஞ்சம் வந்ததே இல்லை.

கேள்வி: என் மகன் ஆர்எக்ஸ்100-க்குப் பட்டை டயரும் அலாய் வீலும் போட வேண்டும் என்று சாப்பிட மாட்டேன் என்கிறான். போடலாமா?
– 'திராட்சைத் தோட்டம்', கம்பம்

பதில்: முதலில் அவனைச் சாப்பிடச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் கையில் ஒரு வெர்னியரைக் கொடுங்கள். ஸ்விங் ஆர்மின் இரண்டு கைகளுக்கும் நடுவே எவ்வளவு இடம். புது வீலின் ஹப், ஸ்பேசர், பிரேக் பிளேட் எல்லாம் சேர்ந்து எவ்வளவு அகலம். ஆக்ஸில் எத்தனை மில்லி. டார்க் ராடு பூட்டுகிற இடம் எந்தப் பக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, பின் ஸ்பிராக்கெட்டும் இன்ஜின் ஸ்பிராக்கெட்டும் ஒரே கோட்டில் நிற்கிறதா? இதை எழுதி முடிக்கும்போது பாதி ஆசை போய்விடும். மிச்சத்தை லேத்காரர் கூலி சொல்லிப் போக்கிவிடுவார்.

அந்த வண்டிக்குக் கம்பெனி போட்டது 18 அங்குல ரிம்மில் 2.75 டயர். இன்ஜின் 98 சிசி, சுமார் 11 குதிரை. மூணு அங்குல டயர் வரை பலர் போட்டு ஓட்டுகிறார்கள். அதற்கு மேல் போனால் ஒரு பக்கம் செயின் கார்டு உரசும், இன்னொரு பக்கம் குதிரை மூச்சு வாங்கும். தவிர, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 15 வருஷம் தாண்டிய வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ முன்னால் நிறுத்திப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மகனுக்கு ஞாபகப்படுத்துங்கள். ஆர்டிஓ பட்டை டயரை ரசிப்பவராக இருப்பார் என்று நம்பிப் போக முடியாது.

வீல் மாற்றியே தீர வேண்டுமென்றால் சொந்தத்துக்குள்ளேயே பாருங்கள்: ஆர்எக்ஸ்ஜி, ஆர்எக்ஸ்135. பெண் பார்க்கப் போகும்போது ஜாதகம் கொண்டுபோவதுபோல உங்கள் ஆக்ஸிலைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: தாத்தா காலத்துப் புல்லட். பின் ஸ்பிராக்கெட் பல் கூர்கூராகிவிட்டது. ஸ்பிராக்கெட் கேட்டால் கடைக்காரர் பிரேக் டிரம்மை எடுத்து நீட்டுகிறார். ஏமாற்றுகிறாரா?
– 'டப்டப்', உத்தமபாளையம்

பதில்: அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தப் புல்லட்டில் பின் ஸ்பிராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. 38 பல் தேய்ந்தால் டிரம்மும் சேர்ந்தே போகும். கூட்டுக் குடும்பம், ஒருத்தரை மட்டும் வெளியே அனுப்ப முடியாது.

அதற்குப் பதிலாக அந்த வண்டியில் ஒரு சுகம் உண்டு. பஞ்சர் என்றால் செயினைத் தொடவே வேண்டாம். நீள ஆக்ஸிலை உருவி, பக்கத்து ஸ்பேசரை எடுத்துவிட்டுச் சக்கரத்தை இழுத்தால், டிரம்மும் செயினும் இருந்த இடத்திலேயே இருக்க, வீல் மட்டும் தனியாக வந்துவிடும். பழைய ஜாவாவிலும் யெஸ்டியிலும் இதே வசதி. 60 வருஷத்துக்கு முன்பு யோசித்துச் செய்த இந்த நாகரிகத்தை இன்றைய வண்டிகளில் காணோம். கை முழுக்க செயின் கிரீஸோடு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

செயின் டைட் வைக்க இரண்டு பக்கமும் நத்தை ஓடு மாதிரி ஒரு கேம் இருக்கும். இந்தப் பக்கம் எத்தனை பள்ளம் தள்ளினீர்களோ, அந்தப் பக்கமும் அத்தனை. எண்ணத் தெரிந்தால் போதும், கண்ணளவு வேண்டாம். உதிரிபாகத்துக்கு நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக்காரர்களோடு சேர்ந்து திருவொற்றியூரில் போட்ட விதை அது. இங்கிலாந்தில் கடையைச் சாத்திய பிறகும் இங்கே ஓடிக்கொண்டே இருந்தது. நம் மாநிலத்திலேயே பிறந்த வண்டிக்கு நாம் அழுதால், மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

கேள்வி: யெஸ்டி மறுபடி வந்துவிட்டதே, ஷோரூமில் என் 1985 ரோட்கிங்குக்கு சாமான் கிடைக்குமா?
– பழனிசெட்டிபட்டி வாசகர்

பதில்: பெயர் ஒன்று என்பதற்காகச் சொத்தில் பங்கு கேட்க முடியுமா? உங்களுடையது மைசூர் ஐடியல் ஜாவா, 1996-ல் மூடப்பட்டது. 2022-ல் வந்தது வேறு கம்பெனி, வேறு இன்ஜின், நாலு ஸ்ட்ரோக். பெயர்ப் பலகையைக் கழற்றி மாட்டலாம், அவ்வளவுதான். ஆர்எக்ஸ்100 தயாரிப்பும் அதே 1996-ல்தான் நின்றது. மதுரையிலிருந்து தேனி மாவட்டம் பிரிக்கப்பட்டதும் அதே வருஷம். அதனால்தான் நம் ஊரில் பிறந்து வளர்ந்த ஆர்எக்ஸ் எல்லாம் மதுரை நம்பரோடு திரிகின்றன. டிஎன்-60 போட்ட ஆர்எக்ஸ்100-ஐ யாராவது "ஒரிஜினல், ஒரே ஓனர்" என்று விற்க வந்தால், ஆர்சி புத்தகத்தை இரண்டு முறை படியுங்கள்.

கேள்வி: வீலை நானே கழற்றி நானே மாட்டினேன். வண்டி ஓடுகிறது. கையில் ஒரு சின்னக் கம்பி மிச்சம் இருக்கிறது. பரவாயில்லையா?
– 'சுயதொழில்', ஆண்டிபட்டி

பதில்: அந்தக் கம்பி தலைமுடி கிளிப் மாதிரி, நடுவில் வளைந்து இரண்டு கால் விட்டிருக்கிறதா? வண்டியை அப்படியே நிறுத்துங்கள். அது காட்டர் பின். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

பல வருஷத்துக்கு முன்பு நானும் இப்படித்தான் சொந்தமாக வீல் மாட்டிவிட்டுக் குமுளிக்கு ஏறினேன். ஏற்றத்தில் ஒரு குறையுமில்லை. திரும்பி இறங்கும்போது, லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் படுகிற இடத்தில் பின் பிரேக்கை மிதித்தேன். 'கடக்' என்று ஒரு சத்தம். சக்கரம் அப்படியே கட்டிப்போட்ட மாதிரி நின்றது. வண்டி மலைப்பக்கத்துச் சாக்கடையில், நான் அதன்மேல். பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் இந்தப் பகுதியை இப்போது வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். பின்னால் வந்த எஸ்டேட் ஜீப்பிலிருந்து ஒரு அக்கா எட்டிப் பார்த்து, "ஏண்ணே, வண்டிய மேய விட்டிருக்கீகளா?" என்று கேட்டார். ஜீப்பே சிரித்தது.

நடந்தது இதுதான். பிரேக் ஷூ டிரம்மைப் பிடிக்கும்போது, ஷூ உட்கார்ந்திருக்கும் பிளேட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். அதைச் சுழலவிடாமல் ஸ்விங் ஆர்மோடு கட்டி வைத்திருப்பதுதான் டார்க் ராடு. அதன் போல்ட்டில் காட்டர் பின் குத்த மறந்துவிட்டேன். நட்டு ஏற்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, இறக்கத்தில் விடைபெற்றது. அந்தப் பின் என் சட்டைப் பையிலேயே இருந்தது. பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள், புதுசு வாங்கிப் போடுங்கள். இதில் மிச்சம் பிடித்து யாரும் மாடி கட்டியதில்லை.

இன்னும் இரண்டு. செயின் லாக் பார்த்தீர்களென்றால் மீன் மாதிரி இருக்கும்; ஒரு முனை மூடியது, மறுமுனை வால் போலப் பிளந்தது. செயின் ஓடும் திசையில் மீன் தலை முன்னால் இருக்க வேண்டும். வால் முன்னால் போனால், எதிலாவது இடித்து லாக் தெறித்துவிடும். அப்புறம், சக்கரம் நேராக நிற்கிறதா என்பதற்கு ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல் ஒரு நூலைப் பின் டயரின் பக்கவாட்டில் ஒட்டியபடி முன் டயர் வரை இழுத்துப் பிடியுங்கள். கொத்தனார் சுவர் பார்க்கிற அதே வித்தை. எல்லாம் முடிந்ததும் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் ஒரு அங்குலம் ஆடுகிறதா பாருங்கள்.

கேள்வி: போடிமெட்டு இறங்கி வந்தால் பின் பிரேக் பிடிப்பதே இல்லை. மறுநாள் சரியாகிவிடுகிறது. பேயா?
– போடி வாசகர்

பதில்: 17 கொண்டை ஊசி வளைவு பூராவும் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பேய்கூடப் பிடிக்காது. டிரம் சூடேறிப் பிடி தளர்கிறது, ஆறியதும் திரும்புகிறது; இப்படியே தொடர்ந்தால் ஷூ வழவழவென்று கண்ணாடி ஆகிவிடும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டி கியரில் அவ்வளவாகத் தடுத்து நிறுத்தாது. இருந்தாலும் சின்ன கியரில் வந்து, விட்டு விட்டு இரண்டு பிரேக்கையும் பிடியுங்கள். இடையிடையே ஆக்சிலேட்டரை லேசாகத் திருகுங்கள். ஆர்எக்ஸில் ஆயில் பம்ப் ஆக்சிலேட்டரோடு கட்டப்பட்டது, மூடியே வைத்தால் இன்ஜின் தாகத்தோடு இறங்கும். ஷூவை உப்புத்தாளில் தேய்க்கும்போது டிரம்முக்குள் இருக்கும் தூசியை மட்டும் வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

கேள்வி: பழைய சாமான் வாங்க சென்னை புதுப்பேட்டையா, கோவை உக்கடமா?
– கூடலூர் வாசகர்

பதில்: எங்கே போனாலும் பில் கேளுங்கள். பில் கேட்டதும் முகம் மாறினால், அந்த வீல் யாரோ ஒருவருடைய வாசலிலிருந்து நேற்றிரவு கிளம்பியது. புது டயர் என்று தந்தால், பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2315 என்றால் 2015-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். பட்டன் மாதிரி பளபளத்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. ரயில்தான் போடி வரை வந்துவிட்டதே, திரும்பி வரும்போது வீலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காரலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் வரவேற்பறைச் சுவரில், கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில், ஒரு பேக் வீலைத் தொங்கவிட்டிருக்கிறார். "கிடைக்காத அயிட்டம்" என்கிறார். எடுக்க வழி சொல்லுங்கள்.
– பெரியகுளம் வாசகி

பதில்: அம்மா, கம்பிகளை எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். 36 இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, தூசி தட்டிக்கொண்டிருங்கள். 40 இருந்தால் அது புல்லட் வீல். டிரம்மும் கூடவே இருந்து பல் கூராகாமல் இருந்தால், உத்தமபாளையத்தில் ஒருவர் காத்திருக்கிறார். உங்கள் வீட்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லியனுப்புங்கள், நானே வந்து இறக்கித் தருகிறேன். ஆணியையும் பிடுங்கிவிடுகிறேன்.