மிதிபலகை விசாரம்

பழைய மோட்டார் வண்டிகளின் இரு பக்கத்திலும், முன்சக்கர மட்கார்டுக்கும் பின்சக்கர மட்கார்டுக்கும் நடுவே நீண்டு கிடந்த மிதிபலகையைப் பற்றி நம் பண்டிதர்கள் இதுகாறும் ஒரு வரியும் எழுதாதது, இத்தனை எளிய பொருளையும் தங்களால் கடினமாக்க முடியும் என்பதை அவர்களே இன்னும் அறியாத குறைதான்.

மிதிபலகையின் பிரயோஜனம் மூன்று. முதலாவது, ஏறுதல். இரண்டாவது, கருவிப்பெட்டியைத் தாங்குதல். மூன்றாவது, தொங்குதல்; இது பிற்பாடு பஸ்ஸின் படிக்குச் சுவீகாரம் போயிற்று. 1938 பிப்ரவரி 20ஆம் தேதி திருவிதாங்கூர் அரசாங்கத்தின் முதல் பஸ்ஸை லண்டனிலிருந்து வந்த சால்ட்டர் துரையே ஓட்ட, மகாராஜா சித்திரைத் திருநாளே அதில் பிரயாணம் செய்தாராகையால், தொங்கல் மறுநாள்தான் ஆரம்பமாகியிருக்கவேண்டும் என்பது அடியேனின் அனுமானம்.

இனி சாசன விஷயம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி வண்டிகளில் ஒன்றின் மிதிபலகை, காலகதியில் சாலைக் கம்போளத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றின் வாசலில் ஓடைக்குப் பாலமாகக் கிடந்தது. அதன்மேல் சுழிசுழியாகப் புடைத்திருந்த எழுத்தைக் கண்ட என் பண்டித நண்பர், 'வட்டெழுத்து!' என்று கூவி, அங்கேயே மண்டியிட்டு, ஈரக் காகிதம் ஒற்றி மைப்படி எடுத்து, துருவில் மங்கிய இரண்டெழுத்தைத் தாமே ஊகித்துப் பகர அடைப்புக்குள் நிரப்பி, பிறகு துறை வழக்கப்படி அந்த அடைப்பை மறந்து, இது கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டுக்கு, அதாவது கி.பி. 849க்கு, ஒரு தலைமுறையேனும் மூத்த நிலதான சாசனம் என்று ஸ்தாபித்தார். பலகை நெடுகிலும் இருந்த சாய்சதுரக் கோலம் தானம் செய்த வயல்களின் வரைபடமாம். இதைக் கண்டித்து எண்பது பக்கம் எழுதிய மற்றொரு பண்டிதர், அது தானமன்று, விக்கிரயம் என்றார். உண்மைக்கு மிக அருகில் வந்தவர், பாவம், அவர்தான்.

'ஐயா, அது ஃபோர்டு என்கிற பெயர்' என்று நான் மெல்லச் சொன்னேன். நண்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, 'நன்கொடையாளன் பெயர் கிடைத்துவிட்டது. எந்த நாட்டான் என்பதுதான் இனி ஆராயவேண்டியது' என்றார்.

அதற்குள் கடைக்காரர் வந்துவிட்டார். பலகை இல்லாமல் இரண்டு வாடிக்கைக்காரர்கள் ஓடையில் காலை விட்டுவிட்டார்களாம்.