ஃப்ளஷ் வேந்தர்

நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில், சேத்தியாத்தோப்பு வரைக்கும், புதிதாக ஒரு மனித வகை தலையெடுத்திருக்கிறது. பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் ஓய்வு பெற்று, வந்த பணத்தில் மாடி வீடு கட்டி, வெளியூர் போன பிள்ளைகள் விட்டுப்போன பூனையைப் பராமரிப்பவர். பூனை கொல்லைக்குப் போக வழியில்லை. கொல்லை முழுக்க சிமெண்ட் பூசியாயிற்று. ஆகவே ஆன்லைனில் வரும் ‘லிட்டர்’ எனும் பூனைக் கழிப்பு மண் மூட்டை, ஒரு பிளாஸ்டிக் தட்டு, அள்ளுவதற்குச் சல்லடைக் கரண்டி. அள்ளியதை வெஸ்டர்ன் டாய்லெட்டில் போட்டுப் பட்டனை அமுக்குவார். அது சுழன்று இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, முக்கியமான ஃபைலில் கையெழுத்துப் போட்ட களையோடு வெளியே வருவார். இவரை ஃப்ளஷ் வேந்தர் என்று அழைப்பதே மரியாதை.

வேந்தரின் நம்பிக்கைக்கும் அவருடைய உத்தியோகத்துக்கும் கொஞ்சமும் பொருத்தமில்லை. 1956-ல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து அங்கே தோண்டிய மேல்மண் எங்கும் போய்விடவில்லை, மலை மலையாக நிற்கிறது. எரித்த கரியின் சாம்பலுக்கும் தனிக் குளம் வெட்ட வேண்டியிருந்தது. எடுத்தது எதுவும் மாயமாகாது என்பதை முப்பது வருஷம் கண்ணால் பார்த்தவர், கழிவறைக் கோப்பைக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார். போதாக்குறைக்கு, லிட்டரில் கட்டி தட்டும் வகை பெரும்பாலும் பெண்டோனைட் களிமண். பைல் அஸ்திவாரத்துக்குத் துளை போடும்போது பக்கச் சுவர் சரியாமலிருக்கக் கரைத்து ஊற்றுகிறார்களே, அதே சரக்கு. குளம் கசியாமல் அடைக்கவும் அதுதான். தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதிப் பசைபோல் பிடித்துக்கொள்வது அதன் குணம். அந்தக் குணத்துக்காகவே காசு கொடுத்து வாங்கிவிட்டு, குழாய் வளைவில் மட்டும் அது குணம் மாறும் என்று எதிர்பார்ப்பது பூனைகூடச் செய்யாத காரியம்.

வேந்தரிடம் பதில் இல்லாமல் இல்லை. “இது மரத்தூள் லிட்டர் சார், ஃப்ளஷ் பண்ணலாம்னு பாக்கெட்லயே போட்டிருக்கான்” என்பார். குழாய் வரைக்கும் அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் தூள் செப்டிக் டேங்கில் போய்த்தான் படியும், டேங்க் சீக்கிரம் நிரம்பும். “மனுஷன் போறதும் அங்கேதானே?” என்பது அடுத்த அஸ்திரம். இங்கேதான் பூனை தனி ஜாதி. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி முட்டை போன்ற உறையோடு வெளியேறுவது பூனை இனத்தின் மலத்தில் மட்டும். குளோரினுக்கு அந்த உறை மசியாது. கலிபோர்னியாக் கடல் நீர்நாய்களின் சாவில் அதற்குப் பங்கு இருப்பது தெரிந்த பிறகு, லிட்டரைக் கழிவறையில் கொட்டாதீர்கள் என்று மூட்டையிலேயே அச்சிட 2006-ல் அங்கே சட்டம் போட்டார்கள். இங்கே நீர்நாய்க்காகக் கண்ணீர் விட ஆள் குறைவுதான். ஆனால் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டும் வெள்ளாறும் பரங்கிப்பேட்டையில் கடலில்தான் கலக்கிறது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, வெந்ததை மட்டும் தின்னும் பூனையால் ஆபத்து குறைவு என்பது உண்மை. அதை வைத்துக் குழாயை அடைக்க உரிமை கோர முடியாது. அடைத்தால் சரிசெய்யப் போவது வேந்தர் அல்லர். செப்டிக் டேங்கில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும் ஆட்கள் இறங்குகிறார்கள், சாகிறார்கள். இந்த ஓரிடத்தில் வேந்தரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

மாற்று வழி அப்படியொன்றும் கடினமானதில்லை. தினமும் அள்ளிவிட வேண்டும்; அந்த உறை தொற்றும் பக்குவத்துக்கு வர ஒரு நாளாவது பிடிக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளுவது வேந்தரின் தனிப்பொறுப்பு. அள்ளியதைப் பழைய பேப்பரில் இறுகப் பொதிந்து மக்காத குப்பையோடு தர வேண்டும். மரத்தூளாக இருந்தால், சிமெண்ட் தப்பிய மூலை ஏதும் இருக்கும் பட்சத்தில், கிணற்றுக்கும் கீரைப் பாத்திக்கும் எட்டாத தூரத்தில் ஆழமாகப் புதைக்கலாம். உரமாகுமே என்று கத்தரிச் செடிக்குப் போடக் கூடாது. வேந்தருக்கு இதில் ஒரே ஆட்சேபம்: பேரூராட்சிக் குப்பை வண்டி காலையிலேயே வந்துவிடுகிறதாம், அந்நேரத்துக்கு எழுந்திருக்க முடியாதாம். பசித்த பூனை அவரை அதற்கு முன்பே எழுப்பிவிடும்.