கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

பெரம்பலூர் மாவட்டத்துப் பாடாலூரில் செட்டிகுளம் பஸ் ஏறியதில் வந்த இடுப்பு வலி இன்னும் போகவில்லை. மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவர் வந்து, "சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்தும்விட்டார். அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன். இந்த 'அட்ஜஸ்ட்' என்ற வினைச்சொல்லின் பிறப்பு, இலக்கணம், பொருள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுவதாக உத்தேசம்.

லத்தீனில் 'யுக்ஸ்தா' என்றால் பக்கத்தில். அது பழைய பிரெஞ்சுக்குப் போய், 'பக்கத்தில் கொண்டுவந்து சேர்' என்று வினையானது. இடையில் சில புண்ணியவான்கள் அதை நியாயத்தைக் குறிக்கும் 'யுஸ்துஸ்' என்ற சொல்லோடு குழப்பிவிட, ஆங்கிலத்தில் 'சரிப்படுத்து' ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் கடிகாரத்தையும் கணக்கையும் அட்ஜஸ்ட் செய்துகொண்டிருந்தான். தொடையோடு தொடை சேர்க்கும் ஆதிப் பொருளை மீட்டெடுத்தவர்கள் நாம்தான். நியாயத்தை அங்கேயே விட்டுவிட்டோம்.

இலக்கணத்துக்கு வருவோம். 'அட்ஜஸ்ட்' என்பதோடு 'பண்ணு' ஒட்டினால் தமிழ் வினை தயார். ஆனால் பெரும்பாலும் ஏவலில்தான் வரும். "நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன், நீங்க உக்காருங்க" என்று தானாக முன்வந்து சொன்ன மனிதரை நான் பார்த்ததில்லை. தன்மையில் வந்தால் பெருமூச்சோடுதான் வரும்: "கல்யாணமான நாள்லேர்ந்து அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்!" இது என் வீட்டு உதாரணம். எதிர்வாதம் என்னிடம் இல்லை.

பஸ்ஸில் இந்த ஏவலுக்குப் பல படிகள் உண்டு. முதலில் சீட்டு நுனியில் அரைத் தொடை. "நுனியிலதாங்க உக்காந்திருக்கேன்" என்ற அடக்கம். முதல் வளைவில் முழுத் தொடை. இரண்டாவது வளைவில் முழங்கை. அப்புறம் மடியில் பை, பைக்கு மேல் பிள்ளை. "சின்னப் பிள்ளைதானே சார்." அந்தச் சின்னப் பிள்ளைக்கு மீசை அரும்பியிருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குச் செட்டிகுளம் மலைக் கோயிலுக்குக் கூட்டம் கிளம்பினால், ஜன்னல் வழியே துண்டு வந்து விழும். துண்டுக்கும் நாம்தான் அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். காலடியில் வெங்காய மூட்டை. அதற்கு டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டால், "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்பார் கண்டக்டர். கடைசியில் நான் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டேன். அந்த ஆள் சாவகாசமாகச் சாய்ந்து, "காத்து வரல, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார்.

ஆளை மட்டும் சொல்வானேன்? அரசாங்கம் மாவட்டத்தையே அட்ஜஸ்ட் பண்ணியது. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-இல் திரும்பச் சேர்த்தார்கள். 2007-இல் மறுபடி பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு எந்த ஊர் ஆபீசுக்குப் போவது என்று தேடியவர்கள் ஜனங்கள்.

இருப்பதிலேயே எரிச்சல் மூட்டுவது வெங்காய எடையில் நடக்கும் அட்ஜஸ்ட்தான். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மாவட்டம் பெரம்பலூர். விலை சரிந்த நாளில் வியாபாரி மூட்டையைக் கிளறி, "ஈரம் இருக்கு, தோல் கழிவு இருக்கு, ரெண்டு கிலோ அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கண்ணே" என்கிறார். விளைவித்தவர் தலையாட்டுகிறார். விலை ஏறிய வாரத்தில் அதே மனுஷன் அதே வியாபாரியிடம், "கிலோவுக்கு ரெண்டு ரூபா சேத்து அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று கேட்டுப் பார்த்தார்.

"அதெல்லாம் கட்டாதுண்ணே. ரேட்டு ரேட்டுதான்."