நிற்பதற்கென்று ஒரு சங்கம்

லாரி ஓடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நின்றால் டெல்லியே எட்டிப் பார்க்கும். இந்திய லாரி உரிமையாளர் சங்கங்களின் ஏறத்தாழ தொண்ணூறு வருட சரித்திரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் தேதியும் பேச்சுவார்த்தையும் டீயும்.

கதையின் வில்லன் ரயில். முதல் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய மோட்டார் வண்டிகள் சல்லிசான விலைக்குச் சந்தைக்கு வந்தன. கையில் கொஞ்சம் காசும் அதைவிட அதிகமாகக் குருட்டுத் தைரியமும் இருந்தவர்கள் வாங்கி ஓட்டினார்கள். மூட்டை சேர்ந்தால் வண்டி கிளம்பும். வியாபாரியின் கடை வாசலிலேயே வந்து நிற்கும். ரயிலில் அனுப்புவதென்றால் மூட்டையை ஸ்டேஷனுக்குச் சுமந்துபோய், பாரம் எழுதி, குமாஸ்தா வெற்றிலை போட்டு முடிக்கும்வரை கைகட்டி நிற்க வேண்டும். வியாபாரி எந்தப் பக்கம் சாய்வார் என்பதற்கு ஜோசியம் பார்க்கத் தேவையில்லை.

சாலையில் அப்போது இன்னொரு எதிரியும் இருந்தது: மாட்டு லாடம். காளைகளின் குளம்பிலிருந்து கழன்ற ஆணிகள் டயர்களைப் பதம் பார்த்தன. மதுரை டி.வி.எஸ். கம்பெனி காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் விட்டு ஆணி பொறுக்கியது. மோட்டார் தொழில் செய்ய வந்தவர்கள் முதலில் ரோடு கூட்ட வேண்டியிருந்தது. அரசாங்கமும் சும்மா இல்லை. ஜெயகர் கமிட்டி சொன்ன யோசனைப்படி 1929 முதல் பெட்ரோலில் காலனுக்கு இரண்டணா கூடுதலாக வாங்கிச் சாலை நிதியில் போட்டது. ஆணிக்கு மட்டும் வரி கிடையாது.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரயில்வே வருமானம் படுத்தது. உலகமே படுத்திருக்கும்போது நாமும் படுத்தோம் என்று சொன்னால் கௌரவக் குறைச்சல் அல்லவா? பழி லாரி மேல் விழுந்தது. 1932-ல் இரண்டு பேர் கமிட்டி ஒன்று அமைந்தது. சாலைப் பொறியாளர் மிட்செல் ஒருவர், ரயில்வே அதிகாரி கிர்க்னஸ் இன்னொருவர். ஊர் ஊராகப் போய், சாலையும் தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன என்ற பேருண்மையைக் கண்டுபிடித்தார்கள். 1933 ஏப்ரலில் சிம்லாவில் ரோடு-ரயில் மாநாடு கூடியது. சிம்லாவுக்கு மலை ரயில் உண்டு என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளவும்.

லாரிக்காரர்களுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வழக்குப் போட்டவர் ரயில்வே. தீர்ப்புச் சொல்பவர் அரசாங்கம். ரயில்வே யாருடையது என்று பார்த்தால், பஞ்சாயத்துத் தலைவரே வாதியின் கூடப்பிறந்த அண்ணன் என்ற கதை. தனி ஆளாகப் போய் மரத்தடியில் நின்றால் வேட்டியோடு திரும்ப முடியாது. 1936-ல் ‘ஆல் இந்தியா மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸ்’ பிறந்தது. கதர் கட்டாத காங்கிரஸ். தேர்தலில் நிற்காது, ரோட்டில் மட்டும் நிற்கும்.

சங்கம் பிறந்து மூன்றே வருடத்தில் 1939-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பர்மிட் என்ற மந்திரச் சொல் அதிலிருந்துதான் பரவியது. தூரத்து லோடை ரயிலுக்கு விட்டுவிட்டு, பக்கத்து ஊர் லோடை மட்டும் லாரி பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் உள்ளெண்ணம். சங்கம் அதை எதிர்த்து முஷ்டி உயர்த்துவதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்து பெட்ரோலைக் கூப்பனுக்குள் அடக்கியது. வண்டியின் முதுகில் பாய்லர் போல ஒரு உருளையைக் கட்டி, அடுப்புக்கரி போட்டு, காற்றாடியைச் சுற்றி, கிளம்பிய புகையில் இன்ஜினை ஓட்டினார்கள். ரயிலை எதிர்த்துக் கிளம்பிய லாரி, கடைசியில் ரயிலைப் போலவே கரி தின்று ஓடியது. ரயில் இதைவிடப் பெரிய பழிவாங்கலை யோசித்திருக்க முடியாது.

சுதந்திரம் வந்தது. கூடவே தேசவுடைமை ஆசையும் வந்தது. 1950-ல் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டம். தமிழ்நாட்டில் 1972-ல் பல்லவன், பாண்டியன், சோழன், சேரன் என்று ராஜாக்கள் வரிசையாக வந்து பஸ் ஓட்ட ஆரம்பித்தார்கள். பெரிய பஸ் முதலாளிகள் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்கள். லாரி மட்டும் எப்படித் தப்பியது? சங்கத்தின் வீரத்தால் என்று சங்கத்துக்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம். நிஜம் வேறு. லாரியைப் பறிமுதல் செய்ய வேண்டுமென்றால் முதலில் ஓனர் யாரென்று தெரிய வேண்டும். மச்சான் பாதி, பங்காளி கால், மீதி பைனான்ஸ்காரர் என்று ஆர்.சி. புக்குக்குள் ஒரு கூட்டுக்குடும்பமே இருந்தது. 1959-ல் மசானி கமிட்டி, இந்த ஒற்றை லாரிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து பெரிய அமைப்புகளாக மாற வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு சொன்னது. அவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள், லாரியைச் சேர்க்கவில்லை, சங்கத்தில் சேர்ந்தார்கள்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இது இன்னும் விசேஷம். மழை ஏமாற்றிய மானாவாரி நிலத்திலிருந்து கிளம்பி, கிளீனராக ஏறி, டிரைவராக நகர்ந்து, ஓனராக இறங்கிய ஊர்கள். ஒரு ஊர் பாடி கட்டும் பட்டறைக்குப் பேர் போனது, இன்னொன்று போர் போடும் ரிக் வண்டிக்கு. கேஸ் டேங்கருக்குத் தனிச் சங்கம், எல்லாவற்றுக்கும் மேலே மாநில சம்மேளனம். ஒரு தெருவில் நடந்தால் இரண்டு தலைவர், மூன்று செயலாளர், ஒரு பொருளாளர் மேல் இடிக்காமல் போக முடியாது.

இவர்கள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்துப் போராடிய மிருகம் மாநில எல்லை. ஒரு மாநிலத்தில் வாங்கிய பர்மிட் அடுத்த மாநிலத்தில் வெறும் காகிதம். அங்கே உள்ள அதிகாரி மேலொப்பம் போட்டால்தான் உயிர் வரும். 1975-ல் நேஷனல் பர்மிட் வந்தது. பெயர்தான் நேஷனல். சொந்த மாநிலமும் தேர்ந்தெடுத்த சில மாநிலங்களும் சேர்ந்ததுதான் அந்தத் தேசம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி டிடி எடுத்துக் கட்ட வேண்டும். எண்பதுகளில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் புளியமரத்தடியில் இப்படி ஒரு பேச்சு நடந்திருந்தால் ஆச்சரியமில்லை:

“ஏனுங்ணா, சேலத்துல இருந்து ஜவ்வரிசி லோடு இந்தூருக்கு இருக்குது. எடுத்துக்கலாமுங்களா?”

“உன்ற பர்மிட்டுல மத்தியப் பிரதேசம் இல்லியே தம்பி. டிடி எடுக்கோணும், அனுப்போணும், அங்கிருந்து ரசீது வரோணும்.”

“அதுக்குள்ள நவராத்திரி விரதமே முடிஞ்சிருமுங்க. அப்புறம் அந்த ஜவ்வரிசிய யாரு திங்கிறது?”

“அப்ப அடுத்த வருச விரதத்துக்கு ஏத்து.”

முப்பத்தைந்து வருடம் சங்கங்கள் மனுக் கொடுத்துக்கொண்டே இருந்தன. 2010 மே மாதம் மத்திய அரசு, வருடத்துக்கு 15,000 ரூபாய் மொத்தமாகக் கட்டினால் நாடு முழுக்க ஓடலாம் என்றது. கொஞ்ச காலத்தில் அது 16,500 ஆனது. தேசம் ஒன்றுதான் என்று லாரிக்கு எழுத்துமூலம் தெரிந்த வருடம் அது. வணிகவரி செக்போஸ்ட்டுகள் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு காலியாயின. கேரள எல்லை வாளையாறில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நின்ற லாரிகளை நம்பி டீக்கடை வைத்திருந்தவர்களுக்குத்தான் நஷ்டம்.

சங்கத்தின் உச்சக்கட்ட சாதனை என்று கேட்டால் சேவை வரியைச் சொல்வேன். 1997 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப.சிதம்பரம் சரக்குப் போக்குவரத்துக்கு 5 சதவீதச் சேவை வரி போட்டார். கூச்சல் கிளம்பியது. லாரிக்காரரிடம் வசூலிப்பதைவிட சரக்கு அனுப்புகிறவரிடம் வசூலிப்பது சுலபம் என்று விதி எழுதினார்கள். 1998 ஜூனில் வரியே வாபஸ். சேவை செய்தவர் கட்ட வேண்டிய வரியைச் சேவை பெற்றவரிடம் கேட்பது சட்டத்தில் இல்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே 2000-ல் முன்தேதியிட்டுச் சட்டத்தையே திருத்தினார்கள். 2004-ல் அதே சிதம்பரம், அதே நாற்காலி, அதே வரி. லாரி உரிமையாளர் மேல் இல்லை, புக்கிங் ஏஜென்சி மேல்தான் என்று பட்ஜெட் உரையிலேயே சொல்லிப் பார்த்தார். ஆகஸ்டில் லாரிகள் நின்றன. காய்கறி விலை தலைமேல் ஏறியது. முடிவில் 2005 ஜனவரி 1 முதல் வரி வந்தது. ஆனால் லாரிக்காரரும் கட்டவில்லை, ஏஜென்சியும் பெரும்பாலும் கட்டவில்லை, சரக்கு அனுப்பும் கம்பெனியோ வாங்கும் கம்பெனியோ கட்டியது. இந்தத் தலைகீழ் வரி முறை ஜி.எஸ்.டி.யிலும் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. ஆடிட்டர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் ஒரு அத்தியாயம் முழுக்க, கைலி கட்டிய நம்ம ஆட்கள் ரோட்டில் நின்றதால் எழுதப்பட்டது.

வேலைநிறுத்தத்துக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. முதல் நாள், “95 சதவீத லாரிகள் ஓடவில்லை” என்று சங்கம். “பாதிப்பு இல்லை” என்று அரசு. மூன்றாம் நாள் கோயம்பேட்டில் காய்கறி வரத்து குறைகிறது. ஐந்தாம் நாள் அமைச்சர் அழைக்கிறார். ஆறாம் நாள் ஒற்றை லாரி ஓனருக்கு பைனான்ஸ்காரரிடமிருந்து போன் வருகிறது. தவணைக்கு ஸ்டிரைக் தெரியாது. ஏழாம் நாள் “கோரிக்கைகள் கொள்கை அளவில் ஏற்கப்பட்டன”. 2018 ஜூலை 20-ல் தொடங்கிய ஸ்டிரைக் 27-ஆம் தேதி ஒரு உயர்மட்டக் கமிட்டி வாக்குறுதியோடு முடிந்தது. கமிட்டியால் பிறந்த சங்கம் கமிட்டியிலேயே வந்து நின்றது.

அந்த ஸ்டிரைக்குக்கு நாலு நாள் முன்னால் அரசு ஒரு சமாதானப் பரிசும் கொடுத்திருந்தது. ஆக்சில் பாரத்தை 20 முதல் 25 சதவீதம்வரை உயர்த்தியது. அதுவரை மாமூல் கொடுத்து ஏற்றிய ஓவர்லோடு ஒரே நாளில் உத்தம லோடு ஆனது. லாரிக்காரர்கள் மகிழ்ந்தார்களா? இல்லை. ஐந்து வண்டியில் போன சரக்கு நாலு வண்டியில் போனால் வாடகை விழுமே என்று அதற்கும் முறையிட்டார்கள்.

இவ்வளவு பெரிய சரித்திரத்தில் ஒரு ஆளைக் காணோமே என்று நீங்கள் தேடலாம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பாருங்கள். சங்கம் உரிமையாளர்களுடையது, டிரைவர் அதில் உறுப்பினர் இல்லை. நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும், ஒருவர் படுத்துத் தூங்கப் பின்சீட்டு வேண்டும் என்று விதி இருந்தது. நடைமுறையில் டிரைவர் ஒன்று, கிளீனர் ஒன்று, தூக்கம் பூஜ்யம். 2018-ல் இரண்டு டிரைவர் விதியையே எடுத்துவிட்டார்கள். காகிதமும் கேபினும் ஒருவழியாக ஒத்துப்போயின.

2024 ஜனவரி 1 அன்று கதை தலைகீழானது. அஜாக்கிரதையாக ஓட்டி உயிர்ப்பலி வாங்கிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம்வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) சொன்னது. டிரைவர்கள் தாங்களாகவே பல மாநிலங்களில் வண்டியை ஓரம் கட்டினார்கள். பெட்ரோல் பங்குகளில் ஊரே வரிசை கட்டியது. மறுநாளே மோட்டார் காங்கிரஸ் உள்துறைச் செயலாளரோடு பேசி, வண்டியை எடுக்கச் சொன்னது. அந்த வருடம் ஜூலை 1-ல் புதிய சட்டம் அமலானபோது 106(2) மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. சங்கத்துக்கு இரண்டு வருடம் பிடிக்கும் வேலையை, சங்கத்தில் இல்லாதவர்கள் இரண்டே நாளில் முடித்தார்கள்.

அடுத்த முறை லாரி ஸ்டிரைக் என்று செய்தி வந்தால் தக்காளி வாங்கக் கடைக்கு ஓடுங்கள், தப்பில்லை. திரும்பி வந்து கோரிக்கைப் பட்டியலை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். டீசல், டோல், இன்சூரன்ஸ், வரி எல்லாம் நியாயமாகவே இருக்கும். டிரைவரின் சம்பளமும் தூக்கமும் அதில் எத்தனையாவது வரியில் வருகின்றன என்று மட்டும் பாருங்கள். சங்கம் யாருக்காக நிற்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.