3,000 வெள்ளிக் கேமரா, 12 வெள்ளிக் கார்டு

வா மாப்ளே, உக்காரு. 3,000 வெள்ளிக்குக் கேமரா வாங்கிட்டியாமே! அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நீ சிராங்கூன் ரோட்டுல நடந்தப்போ தேக்காப் புறாவெல்லாம் ஒதுங்கி வழி விட்டுச்சுன்னு உங்க அத்தை சொன்னா. நல்லது. கார்டு எங்க வாங்குனே? ஆன்லைன்ல 12 வெள்ளிக்கு ஒரு டெராபைட்டா? அடேங்கப்பா, அந்த தர்மப்பிரபு விலாசத்தைக் குடு, கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேக்கணும்.

அந்த மாதிரிக் கார்டுக்குள்ள நெசமா இருக்குறது பல சமயம் எட்டோ பதினாறோ ஜிபிதான். உள்ள இருக்குற சின்ன சில்லுக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்து அனுப்பியிருப்பானுங்க. எவ்வளவு இடம்னு கேமரா கேட்டா ஆயிரம் ஜிபின்னு கூசாம சொல்லும். நெசமான இடம் ரொம்புனதும் பழைய படத்து மேலேயே புதுசை எழுதும், இல்ல வாங்குன மாதிரி நடிச்சுட்டு விட்டுடும். வீட்டுக்கு வந்து பார்த்தா கோப்புப் பேரெல்லாம் வரிசையா இருக்கும். தொறந்தா உள்ள ஒண்ணும் இருக்காது. அதனால புதுக் கார்டை முதல்ல முழுசா நிரப்பி, திரும்பப் படிச்சுப் பாரு. விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கு எஃப்3ன்னு இலவசமாவே இருக்கு. ராத்திரி போட்டுட்டுத் தூங்கு, நீ குறட்டை விடுற நேரம் அது வேலை பார்க்கும்.

தைப்பூசத்துக்கு வருவேல்ல? பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் மூணு கிலோமீட்டருக்கு மேல காவடி. ஒருத்தர் சுத்தி ஆடுறாரு, நீ பொத்தானை அமுக்கிப் பிடிக்கிறே. நொடிக்குப் பத்துப் படம். ரா படம் ஒண்ணு 30 மெகாபைட்டுன்னு வையி, நொடிக்கு 300. கேமரா அதைத் தன் பஃபர்ல பிடிச்சு வச்சுக் கொஞ்சங்கொஞ்சமாத்தான் கார்டுல எறக்கும். கார்டு நொடிக்கு 30தான் வாங்கும்னா, ஒரு நொடி எடுத்ததை எறக்கப் பத்து நொடி. பஃபர் ரொம்பிடுச்சுன்னா நீ செவப்பு விளக்கைப் பார்த்துக்கிட்டே நிக்கணும். காவடி சிலிகி ரோட்டைத் தாண்டியிருக்கும்.

கார்டு மேல 200ன்னு கொட்டையா ஒரு எண் போட்டிருப்பான். அது பெரும்பாலும் படிக்குற வேகம், எழுதுற வேகம் இல்ல. பொண்ணு பார்க்க வந்தவங்க சொல்ற சம்பளம் மாதிரி அது. சிபிஎஃப் பிடிச்சு கைக்கு வர்றது எவ்வளவுன்னு கேக்கணும்ல? எழுதுற வேகம் மூலையில பொடியெழுத்துல இருக்கும். வி30ன்னா நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் கீழ எறங்காம எழுதும். வி60ன்னா 60, வி90ன்னா 90. உன் 4கே வீடியோ 100 மெகாபிட்டா? எட்டால வகுத்துப் பாரு, 12.5 மெகாபைட்தான் வருது, வி30 தாராளம். 400 மெகாபிட்டுன்னா 50 ஆச்சு, வி60க்குப் போ. வி90 வாங்கிட்டு சரஸ்வதி பூஜைக்கு நாலு படம் எடுக்குறவனும் இந்த ஊர்ல இருக்கான், அவன் காசு, நமக்கென்ன.

யுஎச்எஸ்-2 கார்டுன்னா பின்னாடி ரெண்டாவது வரிசையாவும் தகடு இருக்கும். அதைப் பழைய யுஎச்எஸ்-1 கேமராவுல போட்டா வேலை செய்யும், ஆனா நொடிக்கு 104 மெகாபைட்டைத் தாண்டாது. மிச்ச வேகம் உன் சட்டைப்பைக்குள்ளதான் ஓடும்.

எங்க வாங்குறதுன்னு கேக்குறியா? கம்பெனியே அங்கீகரிச்ச கடையில வாங்கு. சிம் லிம் ஸ்குவேர்ல 2014ல ஐபோன் வாங்க வந்த வியட்நாம் ஆளு முழங்கால் போட்டு அழுதது ஞாபகம் இருக்கா? அந்தக் கடைக்காரனுக்கு 2015ல 33 மாசம் ஜெயில். அங்கயும் நேர்மையான கடைங்க நெறைய உண்டு. நீதான் மலிவுன்னு பார்த்ததும் கண்ணு மின்னுற ஆளு, அதான் பயம்.

256 ஒண்ணுக்குப் பதிலா 64 நாலா வாங்கு. ஒண்ணு செத்தா மூணு மிஞ்சும். கேமராவுல ரெண்டு ஓட்டை இருந்தா ரெண்டுலயும் ஒரே படத்தை எழுத விடு. படத்தையெல்லாம் கணினிக்கு மாத்தினப்புறம் கேமராவுலயே ஃபார்மேட் பண்ணு. விளக்கு மினுக்கும்போது கார்டைப் புடுங்காதே.

அப்புறம் ரசீது. 2012 செப்டம்பர்லேர்ந்து இங்க லெமன் சட்டம் இருக்கு. ஆறு மாசத்துக்குள்ள பழுது தெரிஞ்சா, விக்கும்போதே இருந்த பழுதுன்னுதான் பொதுவா எடுத்துக்குவாங்க. இல்லைன்னு காட்ட வேண்டியது கடைக்காரன் பொறுப்பு. ரசீது மை சீக்கிரம் மங்கிடும், ஒரு படம் எடுத்து வச்சுக்க. அதையும் அதே கார்டுல வச்சுடாதே, மாப்ளே.